ஆப்பில் 1200, மெஸ்ஸில் எண்ணெய்

ஃபர்ஸ்ட் இயர், ரெண்டாவது செமஸ்டர். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங். வைஸில் பிளேட்டை மாட்டி அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒர்க்‌ஷாப் அண்ணன் ஓடி வந்து, "காலைல சாப்டியாப்பா?" என்று கேட்டார். "சாப்டேண்ணா" என்றேன். பொய். முந்தின நாள் ராத்திரியும் சாப்பிடலை.

காரணம், என் போனில் இருந்த கலோரி ஆப். ஒரு நாளைக்கு 1200 என்று அது கோட்டா போட்டிருந்தது. அதற்குள் நின்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு. பச்சைக்காக ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். மூணு மாசத்தில் 6 கிலோ குறைந்தது. செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போனதும் அவ்வளவும் திரும்பி வந்தது.

உங்கள் போனிலும் அப்படி ஒரு ஆப் இருக்கலாம். அதை டெலீட் பண்ணுங்கன்னு சொல்ல வரலை. செலவாகிறதைவிடக் குறைவாக உள்ளே போனால்தான் எடை குறையும். தெர்மோடைனமிக்ஸ் படிக்கிற நாம அதை மறுக்க முடியாது. நான் சொல்வது வேறு. நாம எண்ணுகிற எண் துல்லியமானது இல்லை. நாம எண்ணாமல் விடுவதுதான் பெரிசு.

முதலில் அந்த எண். பாக்கெட்டில் இருக்கும் கலோரி பெரும்பாலும் கணக்குப் போட்டு வருவது: மாவுச்சத்து 1 கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி. வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த சோதனைகளில் இருந்து வந்த சராசரிகள் இவை. பாக்கெட் உணவுக்கு இது போதும். ஆனால் 'சாம்பார் சாதம், 1 கப், 212' என்று ஆப் காட்டுகிறதே, எந்தக் கப்? யார் வீட்டுச் சாம்பார்? லீஸ்ட் கவுண்ட் தெரியாமல் வெர்னியர் ரீடிங் எழுதினால் லேபில் நோட்டைத் திருப்பிக் கொடுப்பாங்க. தட்டு விஷயத்தில் மட்டும் கடைசி இலக்கம் வரைக்கும் நம்புகிறோம்.

அடுத்தது, எண்ணாமல் விடுவது. எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன் சுமார் 14 கிராம். கிட்டத்தட்ட 120 கிலோகலோரி. அது பொரியலில் இருக்கும், குருமாவில் மிதக்கும், பூரியில் ஊறி இருக்கும். ஆப்புக்குத் தெரியாது. சரி, உங்க மெஸ் எவ்வளவு எண்ணெய் தருதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? சின்னக் கணக்குதான். உதாரணத்துக்கு, 400 பேர் சாப்பிடும் மெஸ்ஸில் மாசம் 15 கிலோ டின் 40 தீர்கிறது என்று வையுங்க. மொத்தம் 600 கிலோ. ஆளுக்கு, ஒரு நாளைக்கு 50 கிராம். அதாவது 450 கிலோகலோரி. நான் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு மிச்சம் பிடித்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

'குறைந்த கலோரி' என்று நாம தேர்ந்தெடுக்கிறதும் இதே கதைதான். ஹாஸ்டலில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறாதவர் யார்? அரிசி, கோதுமை மாவு ரெண்டுமே 100 கிராமுக்கு 350-க்குப் பக்கம். சப்பாத்தியில் நார்ச்சத்து கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மேலே தடவுகிற எண்ணெய் தனிக் கணக்கு. 'டயட்'டுக்காக வாங்குகிற டைஜஸ்டிவ் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க: 100 கிராமுக்கு 480 பக்கம் இருக்கும். சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டும் 450-க்குப் பக்கம்தான்.

உண்மையிலேயே குறைந்த கலோரி உணவு விளம்பரம் இல்லாமல் இருக்கிறது. வெள்ளரிக்காய் 100 கிராமுக்கு 15, தர்பூசணி 30. தண்ணீரும் நாரும் வயிற்றை அடைக்கும், கலோரி ஏறாது. அதோடு பசி தாங்கப் புரதம் வேணும்: அவித்த முட்டை ஒன்று சுமார் 75, இல்லைன்னா ஒரு கிண்ணம் சுண்டல். ஜூஸுக்குப் பதில் நீர்மோர். டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்தால் சுமார் 20 போச்சு. நாலு டீக்கு 80. இதில் எதற்கும் ஒரு வேளை பட்டினி கிடக்கத் தேவையில்லை.

ஏன் பட்டினியைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்? ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் தந்த கணக்குப்படி, அதிகம் உடல் உழைப்பில்லாத 65 கிலோ ஆணுக்கு ஒரு நாள் தேவை சுமார் 2110 கிலோகலோரி, 55 கிலோ பெண்ணுக்கு 1660. அதில் ஆயிரத்தை ஒரேயடியாக வெட்டினால் கொழுப்போடு தசையும் கரையும். கவனம் சிதறும், முடி கொட்டும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், நின்றும் போகலாம். 'டயட் வேலை செய்யுது' என்று நினைக்காதீங்க, அது உடம்பு அடிக்கிற அலாரம். சாப்பிட்டதற்காகக் குற்ற உணர்ச்சி வருகிறது, யாருக்கும் தெரியாமல் பட்டினி கிடக்கிறீங்க என்றால், தயவுசெய்து ஒரு டாக்டரிடம் பேசுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலோரி எண்ணுவதை நான் ஒரு டிரெய்னிங்காகப் பார்க்கிறேன். ரெண்டு வாரம் எண்ணுங்க. எதில் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் ஆப்பை மூடிவிட்டுத் தட்டைப் பாருங்க: பாதித் தட்டு காய், மீதியில் சோறும், பருப்போ முட்டையோ.

ஆனால் காய் எங்கேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. மெஸ்ஸில் ஒரு கரண்டிப் பொரியல் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுகிறார்கள். தனி ஆளாக மனக்கட்டுப்பாட்டோடு மல்லுக்கட்டினால் இது தீராது. நம்ம மெஸ் கமிட்டியில் மாணவர் பிரதிநிதிகள் இருக்காங்க. அடுத்த மீட்டிங்கில் ரெண்டே விஷயம் கேட்கச் சொல்லுங்க: மாசம் எத்தனை டின் எண்ணெய் தீருது? வாரத்தில் ரெண்டு நாள் சாயங்கால போண்டாவுக்குப் பதில் சுண்டல் போட முடியுமா?

அன்றைக்கு ஒர்க்‌ஷாப் அண்ணன் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் ரெண்டு பன்னும் வாங்கிக் கொடுத்தார். அதை மட்டும் நான் ஆப்பில் ஏற்றவே இல்லை.