சிங்கம் கடந்த கடல்

பூண்டுலோயாவில் மழை ஓய்ந்து மூடுபனி இறங்கிய ஒரு மாலைப் பொழுதில், எம்மிடம் தமிழ் பயிலும் மாணவர் சிலருக்குக் கம்பராமாயணத்து அங்கதன் தூதின் பொருளை விளக்கிக் கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, படத்தில் இப்படி ஒரு தூதுவன் வரவே இல்லையே?” என்றான். எந்தப் படம் என வினவினோம். ‘சிங்கம் அகெய்ன்’ என்னும் இந்திப் படத்தைத் தன் அண்ணனின் கைப்பேசியில் கண்டதாகக் கூறினான். அவன் முதன்முதலாக முழுமையாக அறிந்த இராமாயணம் அதுவே. ஏனைய பிள்ளைகள் நகைத்தனர். எமக்கு நகை தோன்றவில்லை. அவன் கேட்டது நல்ல கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்படம் 2024 நவம்பர் முதலாந் திகதி, தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. ரோகித் செட்டி இயக்கினார். அஜய் தேவ்கன் தலைமை நடிகர். மொழி இந்தியாயினும் வித்துத் தமிழினது. 2010ஆம் ஆண்டில் ஹரியின் இயக்கத்தில் சூர்யா நடித்த ‘சிங்கம்’ என்னும் படமே இத்தொடர் அனைத்திற்கும் மூலம். அது 2011இல் இந்திக்குச் சென்றது. தமிழில் 2013இலும் 2017இலும் அதன் தொடர்ச்சிகள் வந்தன. இந்தியிலோ, 2014இல் ‘சிங்கம் ரிட்டர்ன்ஸ்’, பின்னர் அதே காவற் குடும்பத்தின் கிளைகளாக 2018இல் ‘சிம்பா’, 2021இல் ‘சூர்யவன்ஷி’ எனக் கொடி படர்ந்தது. 2024இன் படத்தில் அக்கிளைகளின் நாயகர் யாவரும் ஒரு பந்தரின் கீழ்க் கூடினர்.

திரைப்படத்தைப் பழித்தல் எமது நோக்கமன்று. நாள் முழுதும் கொழுந்தெடுத்து மீளும் தாய்க்கும், வேலை தேடி அலையும் இளைஞனுக்கும், இரண்டரை மணி நேரம் தம் கவலையை மறக்க ஒரு கதை வேண்டும். தீயவன் வீழ்வதைக் காணும் ஆசை மனித இயல்பு. காப்பியங்களும் அவ்வாசையின் மேல் எழுந்தவையே. ஆதலின் சண்டை உண்டா என்று நாம் கேட்கவில்லை. ஒரு கதை தொடரும்பொழுது அதில் வளர்வது எது என்று கேட்கின்றோம்.

தமிழ்ச் ‘சிங்கம்’ தொடரையே நோக்குக. முதற் படத்தின் நாயகனாகிய துரைசிங்கம் தூத்துக்குடிப் பக்கத்து நல்லூர் என்னும் சிற்றூரின் காவல் அதிகாரி. அவனுக்கு ஊர் உண்டு, உறவு உண்டு. பகைவன் சென்னையில் பணம் பறிப்பவன். இரண்டாம் படத்தில் அவன் தென்னாபிரிக்கா வரை செல்கின்றான். மூன்றாம் படத்தில் அவுஸ்திரேலியா வரை. பகைவனின் செல்வம் பெருகுகின்றது, ஊர்திகள் பெருகுகின்றன, தூரம் பெருகுகின்றது. நாயகனின் உள்ளம் மட்டும் முதற் படத்தில் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. முன்பு அறியாத ஒன்றை அவன் அறிவதில்லை. முன்பு செய்த பிழைக்காக வருந்துவதும் இல்லை. நீளம் கூடி ஆழம் கூடாத ஆறு அது.

தொடர்ச்சி என்பது யாது என்பதைத் தமிழர் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப் போற்றப்படுகின்றன. முதற் காப்பியத்தில் நீதி தவறிய ஒரு நகரம் எரிகின்றது. இரண்டாம் காப்பியம் அதனினும் பெரிய நகரம் ஒன்றைத் தேடிப்பிடித்து எரிக்கவில்லை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் கையில் அமுதசுரபியை அது வைக்கின்றது. பசித்தவர் வயிற்றில் எரியும் தீயை அவள் அணைக்கின்றாள். சோழ மன்னனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு நேர்ந்தபொழுது, சிறைச்சாலையை அறச்சாலையாக்குமாறு வேண்டுகின்றாள். முதற் கதையின் துயரைக் கற்றுக்கொண்ட பின்னரே இரண்டாம் கதை பிறந்தது. உண்மைத் தொடர்ச்சிக்கு இதனினும் சிறந்த அளவுகோல் எமக்குத் தெரியவில்லை.

எங்கே நிறுத்துவது என்பதையும் நம் புலவர் அறிந்திருந்தனர். கம்பர் முடிசூட்டு விழாவோடு தம் காப்பியத்தை நிறைவு செய்தார். உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது மரபு. மக்கள் விரும்புகின்றனர் என்பதற்காக மேலும் பதினாயிரம் பாடலைக் கம்பர் சேர்த்தாரல்லர்.

இனி மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். ‘சிங்கம் அகெய்ன்’ தன் கதையை இராமாயணத்தோடு வெளிப்படையாகவே இணைக்கின்றது. காவல் அதிகாரியின் மனைவி கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்படுகின்றாள். இலக்குவனை நினைவூட்ட ஒருவர், அனுமனை நினைவூட்ட ஒருவர் என நாயகர் அணிவகுக்கின்றனர். பகைவனுக்கு ‘டேஞ்சர் லங்கா’ என்று பெயர். ஆபத்து என்னும் சொல்லையும் நம் நாட்டின் பெயரையும் ஒன்றாகப் பிணைத்து ஒரு கொலைஞனுக்குச் சூட்டியிருக்கின்றனர்.

காப்பியத்தை இரவல் வாங்குவது குற்றமன்று; வாங்கியதில் எதனை விட்டுவந்தனர் என்பதே வினா. கம்பரின் அனுமன் இலங்கைக்குள் புகும்பொழுது முதலில் அந்நகரின் அழகைக் கண்டு வியக்கின்றான். பகைவன் ஊரென்று அதன் மாடங்களின் ஒளி அவன் கண்ணுக்கு மங்கவில்லை. இராவணனின் அவையில் அவன் தன்னைத் தூதனென்றே கூறி, சீதையை விடுமாறு அறிவுரை சொல்கின்றான். போர்க்களம் அமைந்த பின்னரும் இராமன் அங்கதனை மீண்டும் தூது அனுப்புகின்றான். இரண்டு முறை கதவு தட்டப்படுகின்றது. திறவாமை கண்ட பின்னரே வில் வளைகின்றது. முதல் நாட் போரில் தேரும் படைக்கலமும் முடியும் இழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனை, இராமன் கொல்லாது, மறுநாள் வருமாறு அனுப்பி வைக்கின்றான். கும்பகருணன் தமையனின் பிழையைத் தமையனிடமே எடுத்துரைத்து, உண்ட சோற்றுக் கடனுக்காக உயிர் துறக்கின்றான். அவனுக்காக நாம் கலங்குகின்றோம். இராவணன் வீழ்ந்தபொழுது மண்டோதரியின் புலம்பலைக் கேட்கக் காப்பியமே நின்று செவிசாய்க்கின்றது. இறுதிக் கடனை முறைப்படி செய்யுமாறு வீடணனுக்குச் சொல்பவன் இராமனே.

தூது, வெறுங்கையனுக்கு இரக்கம், பகைவனின் பெருமை, தோற்றவர் வீட்டு அழுகை ஆகிய இந்நான்கும் நீங்கினால் இராமாயணத்தில் எஞ்சுவது ஒரு கடத்தலும் ஒரு கொலையுமே. படம் எடுத்துக்கொண்டது அவ்வெச்சத்தை. அனுமனை நினைவூட்டும் வீரன் வருகின்றான், தூதனாக வரவில்லை. மாணவன் சரியான இடத்திற் கைவைத்துள்ளான்.

இவற்றைத் திரையில் காட்ட முடியாது என்பர் சிலர். அது பொருந்தாது. 1917இல் கண்டிச் சீமையிற் பிறந்து தமிழகம் சென்ற எம்.ஜி.ஆரின் வாட்போர்க் காட்சிகளை எம் தலைமுறையினர் மறந்திலர். எதிரியின் வாள் கைநழுவி வீழ்ந்தால், அதனை அவனிடமே எடுத்தெறிந்து மீண்டும் பொருவது அக்காட்சிகளின் மரபு. கம்பரைப் படித்தறியாத மக்களும் படமாளிகையில் அதற்குக் கைதட்டினர். வெறுங்கையனை வெட்டுதல் வீரமன்று என்பதை அவர்கள் நெஞ்சு அறிந்திருந்தது. சண்டைப் படத்திற்குள்ளேயே அறம் நுழைய இடமிருந்தது என்பதற்கு அக்கைதட்டலே சான்று.

காவலரை நாயகராக்கும் இக்காலத் தொடர்களில் அறம் வேறொரு வகையிலும் நெருக்கப்படுகின்றது. நீதிமன்றம் தாமதம் செய்கின்றது, ஆதலின் காவலனே தீர்ப்பளித்துத் தண்டிக்கலாம் என்னும் எண்ணம் இவற்றில் மீண்டும் மீண்டும் இனிப்புப் பூசித் தரப்படுகின்றது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கின்றி நெடுங்காலம் அடைபட்டோரைக் கண்ட நாடு இது. இங்கே விசாரணை இல்லாத நீதியைக் கண்டு கைதட்டுமுன் ஒருகணம் நிற்றல் வேண்டும். பாண்டியன் அவையில் கண்ணகி முறையிட்டது இதற்காகவே அன்றோ? விசாரியாது கொன்றதே அங்கு குற்றம். அக்குற்றத்தை உணர்ந்த மன்னன் உயிரையே விட்டான்.

இவற்றினும் எம்மை நெருங்கித் தொடும் செய்தி ஒன்றுண்டு. இப்படம் வெளிவந்த அதே நவம்பரில், ஸ்ரீலங்கன் விமான நிறுவனம், பெரியவர் ஒருவர் குழந்தைக்கு இராமாயணக் கதை சொல்வதாக அமைந்த விளம்பரப் படம் ஒன்றை வெளியிட்டது. நாட்டின் இராமாயணத் தலங்களைக் காண வருமாறு அது பிறநாட்டாரை அழைத்தது. ஒன்றில் இலங்கை கொடியவனின் குகை. மற்றொன்றில் அழகிய சுற்றுலாத் தலம். நுவரெலியாவை அடுத்த சீதா எலியாவில் சீதையம்மன் கோயில் உண்டு. 2024 மே மாதம் நடந்த அதன் குடமுழுக்கிற்கு அயோத்தியிலிருந்து சரயு நதியின் நீர் வந்தது. வருவோர் வருக, வணங்குக. ஆயினும் அவ்விரு படங்களிலும், அக்கோயிலைச் சூழ்ந்த மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்கும் பெண் யார் என்னும் கேள்விக்கு இடமில்லை.

அவளும் கடல் கடந்தவர்களின் வழிவந்தவளே. இராமேசுவரத்திற்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட அந்நீரை, வானர சேனை கடந்ததாகக் காப்பியம் கூறும் அதே நீரை, இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் தோணிகளிற் கடந்தனர். அவர்கள் கையில் வில் இல்லை. ஒரு துணிமூட்டை இருந்தது. மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் மீண்டும் கால்நடையாகச் சென்று அவர்களை நினைவுகூர்ந்தனர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 2003இன் சட்டம் வரை எஞ்சியோர் உரிமைக்குக் காத்திருந்த வரலாறு அந்நடையின் தொடர்ச்சி. அம்மக்களுக்கு இலங்கை பகைவன் ஊருமன்று, காட்சிச் சாலையுமன்று. பெற்றோரைப் புதைத்த மண்.

பிறர் கதைகள் நம் மண்ணுக்குப் பெயரிடுவது புதிதன்று. எம் ஊரை ஒட்டிய டன்சினேன் தோட்டம் ஸ்கொத்லாந்துக் குன்றொன்றின் பெயரைத் தாங்குகின்றது. சேக்சுபியரின் ‘மக்பெத்’ நாடகத்தால் உலகறிந்த பெயர் அது. துரைமார் தம் நினைவை இங்கு நட்டுச் சென்றனர். அப்பெயருள் வாழ்ந்த மக்களின் கதையைச் சொல்ல, அயலிலுள்ள மடக்கொம்பரையில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் எழுத வேண்டியிருந்தது. நம் கதையை நாம் சொல்லாவிடில், அவ்வெற்றிடத்தை யாரேனும் நிரப்புவர். அப்போது நமக்குக் கிடைக்கும் பாத்திரம் நமக்குப் பிடித்ததாக இராது.

நம் தோட்டங்களின் கூத்து மரபு இதற்குத் துணை நிற்கும். மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தில் மதன் எரிந்தபின், ரதியின் புலம்பலைக் கேட்டு லயத்து மக்கள் விடிய விடியக் கண்ணீர் விடுவர். பொன்னர் சங்கர் கூத்திலும் வீரத்தோடு சாவின் துயரமும் உண்டு. எரித்தவனை வாழ்த்திவிட்டு வீடு திரும்பும் கதையை நம் பாட்டன்மார் ஆடினாரல்லர்.

ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படங்களைப் பாராதே என்று மாணவரைத் தடுக்க வேண்டா, தடுத்தலும் இயலாது. பார்த்து வந்தவனிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். போருக்கு முன் தூது சென்றவர் யார்? வீழ்ந்தவனுக்காக அழுதவர் யார்? இக்கதை நடந்த ஊரில் வாழ்பவர் யார்? மூன்றுக்கும் விடை தேடும் மாணவன் கம்பனிடம் தானே வந்து சேருவான். அங்கிருந்து தன் பாட்டியிடமும் செல்வான்.

தூதுவனைத் தேடிய மாணவனின் வகுப்பிற்கு இவ்வாரம் கட்டுரைத் தலைப்பு ஒன்று கொடுத்துள்ளோம்: ‘எம் வீட்டார் கடல் கடந்த கதை.’ வீட்டில் கேட்டு எழுத வேண்டுமாதலால் இரண்டு நாள் கூடுதலாகத் தவணை கேட்டனர். மகிழ்வோடு கொடுத்தோம்.