ட்ரிப் சுவிட்சைக் கழற்றினால் கரைச்சல் தீராது

ஊர் உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. வீடு, கடை, அறை என்று எதையாவது வாடகைக்கு விட்டிருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை தரம் 9 வகுப்பில் மின்னோட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒன்று கையை உயர்த்தி, "சேர், எங்கட ஊட்டுக் குளிக்கிற பைப்பத் தொட்டா விறுவிறுக்கும். உம்மா செருப்புப் போட்டுத்தான் குளிக்கச் சொல்ற" என்றது. வகுப்பே சிரித்தது. சிரித்து முடிய, "எங்கட பிரிட்ஜும் அப்படித்தான் சேர்" என்று இன்னொன்று. "எங்கட வாஷிங் மெஷினும்." கை உயர்த்தச் சொல்லி எண்ணினோம். 34 பிள்ளைகளில் 11 கை. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

செருப்போடு குளிக்கிற அந்தப் பிள்ளை இருப்பது வாடகை வீட்டில். வாப்பா வெளிநாட்டில். மழை பெய்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்று உம்மா வீட்டுக்காரரிடம் மூன்று தரம் சொல்லியிருக்கிறார். அவரும் ஆள் அனுப்பினார். வந்தவர் செய்த வேலையைக் கேளுங்கள். ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு வயரை நேரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது மழைக்கும் கரண்ட் போவதில்லையாம். கரைச்சல் தீர்ந்ததாம்.

காய்ச்சல் காட்டுகிறது என்று தேர்மாமீற்றரை உடைப்பது போல என்று சொல்லலாம். ஆனால் தேர்மாமீற்றர் உயிரைக் காப்பாற்றாது. ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும்.

பலர் நினைப்பது போல மெயின் போர்டில் உள்ள பிறேக்கர் நம்மைக் காப்பாற்றுவதற்கு வைத்ததல்ல. அது வயரைக் காப்பாற்ற வைத்தது. 16 அம்பியர் பிறேக்கர் 16 அம்பியரைத் தாண்டினால்தான் விழும். ஈரக் காலோடு நின்று 230 வோல்ட்டைத் தொட்டவனின் உடம்புக்குள்ளால் போவது பெரும்பாலும் கால் அம்பியருக்கும் குறைவு. அவன் துடித்துக்கொண்டிருப்பது பிறேக்கருக்குத் தெரியவே தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். 30 மில்லி அம்பியர் வழி தவறி மண்ணுக்குப் போனாலே அது விழ வேண்டும். 60 வாட் குமிழ் ஒன்றுக்குப் போகிற கரண்டில் அது எட்டில் ஒரு பங்கும் இல்லை. அந்த அளவுக்கே ஓர் ஆளின் மூச்சு நின்றுவிடலாம்.

மழைக்கு அது விழுகிறது என்றால் எங்கோ வயருக்குள் தண்ணீர் போகிறது, அல்லது மோட்டரோ ஹீட்டரோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆள் அனுப்பினால் அந்த இடத்தைத் தேடச் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்தது எர்த். நம்ம ஊர் கடற்கரை மணல். வீடு கட்டும்போது அடித்த எர்த் கம்பி உப்புக் காற்றிலும் உவர்த் தண்ணீரிலும் துருப்பிடித்துப் போயிருக்கும். கிளம்பு கழன்றிருக்கும். சில வீடுகளில் மதில் கட்டும்போது மேசன் பாஸ் இடைஞ்சல் என்று அந்த வயரையே வெட்டி எறிந்திருக்கிறார், கண்ணால் கண்டோம். எர்த் இல்லாத வீட்டில் பிரிட்ஜின் உடம்புக்கு ஏறிய கரண்ட் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். தொடுகிறவர்தான் அதற்கு எர்த் கம்பி. பிள்ளைகள் சொன்ன "விறுவிறுப்பு" அதுதான்.

இதைப் பற்றி வீட்டுக்காரர்கள் சிலரோடு பேசிப் பார்த்தோம். கிடைத்த பதில்கள்:

"கரண்ட் எடுக்கும்போது மின்சார சபை பார்த்துத்தானே தந்தது?" எப்போது எடுத்தீர்கள்? 1994 இல். அன்று அந்த வீட்டில் ஐந்து குமிழ், ஒரு ஃபேன், ஒரு அயன். இன்று இரண்டு ஏசி, தண்ணி மோட்டர், ரைஸ் குக்கர், பின்னுக்கு இறக்கிய தகரக் கொட்டிலில் தையல் மெஷின் மூன்று. வயர் மட்டும் அன்றையது. மீட்டர் வரைக்கும்தான் சபையின் பொறுப்பு. மீட்டருக்கு இங்கால் எல்லாம் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு.

"குடியிருக்கிறவங்கதானே பார்க்கணும்?" சுவரில் ஆணி அடிக்கவே உங்களிடம் அனுமதி கேட்க வேண்டிய மனிசர் சுவருக்குள் இருக்கும் வயரை எப்படிப் பார்ப்பார்?

"நம்மட பொடியன் ஒருத்தன் டெஸ்டர் வச்சிப் பார்த்தான், எல்லாம் சரி." டெஸ்டரில் லைட் எரிந்தால் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் தெரியும். வயரின் உறை தாங்குமா, எர்த் வேலை செய்யுமா, ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி அம்பியருக்கு விழுகிறது என்பதை எல்லாம் மெகர் போன்ற மீட்டர்களால்தான் அளக்க முடியும். என்.வி.கியூ சான்றிதழ் இருக்கிறதா, அந்த மீட்டர்கள் கையில் இருக்கின்றனவா என்று கேட்டு ஆளைப் பிடியுங்கள். பார்த்ததைக் கடதாசியில் எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள்.

"செலவு." ஆறு மாத அட்வான்ஸை ஒரே தடவையில் எண்ணி வாங்கிய கை இதைச் சொல்கிறது!

லண்டனில் இருக்கும் நம்ம ஊர் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 இல் சட்டமே வந்துவிட்டது. வாடகை வீட்டின் வயரிங்கை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது தகுதியான ஆளைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் பிரதியைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் வாய் பேசாமல் செய்கிறோம். இங்கே உள்ள உயிர் மலிவா?

கடைத்தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருநாள் நெருங்கினால் ஒரு பிளக்கில் மல்டி பிளக், அதில் இன்னொரு வயர் கோட், அதில் பத்து ஸ்பொட் லைட், பக்கத்தில் கூரை தொடும் அளவுக்குச் சாரிப் பெட்டிகள். சதுர முள் பிளக்கைத்தான் நாட்டின் தரமாக ஆக்கினார்கள். நாம் அதன் எர்த் துளைக்குள் பேனையை விட்டு மற்றத் துளைகளைத் திறந்து இரண்டு முள் பிளக்கைத் திணிக்கிறோம். பிறகு ஒரு நாள் கடை எரியும். பேப்பரில் "மின்னொழுக்கே காரணம்" என்று ஒரு வரி வரும். அந்தச் சொல் வந்ததும் எல்லாருடைய வாயும் அடைத்துவிடும். ஒழுக்கு என்ன வானத்தில் இருந்தா ஒழுகியது? யாரோ ஒருவர் போட்ட, யாரும் திரும்பிப் பார்க்காத வயரில் இருந்துதான்.

ஆள் மௌத்தானாலும் இதே கதைதான். கொடிக் கம்பியில் உடுப்புக் காயப்போடப் போன உம்மா, கிணற்றடியில் மோட்டர் போடப் போன பிள்ளை. "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி அடக்கிவிட்டு வருகிறோம். நாட்டத்தை யாரும் மறுக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸை வருடத்துக்கு எத்தனை குத்பாவில் கேட்கிறோம்? கட்டாமல் விட்டவர் யார் என்று ஜனாஸா வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் மையித்து வீட்டில் பிரச்சினை பண்ணுகிறான் என்பார்கள்.

ஊருக்கு உபதேசம் செய்ய முன் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். அன்று பின்னேரம் ஸ்டாப் ரூமில் பேசி, ஏழு ஆசிரியர்கள் அவரவர் வீட்டுக்குப் போய் ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சின்னச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். அழுத்தியதும் டக்கென்று விழ வேண்டும். மூன்று வீட்டில் விழவில்லை. அதில் ஒன்று எங்கள் வீடு. அதே மெயின் போர்டில் இருந்துதான் வாப்பா கட்டிய இரண்டு கடை அறைகளுக்கும் கரண்ட் போகிறது. ஒன்பது வருடமாக வாடகை எடுக்கிறோம், ஒரு நாளும் அந்தப் போர்டின் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளே மாற்றினோம். எர்த் கம்பியும் புதிது அடித்தோம். அந்த இரண்டு அறைக்கும் எடுக்கிற ஒரு மாத வாடகைக்குள் எல்லாம் முடிந்தது.

நீங்களும் இப்போதே எழும்பிப் போய் அந்தப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் இன்றே ஆளைக் கூப்பிடுங்கள். விழுந்தாலும் எர்த் சரியென்று அர்த்தமில்லை, அதை மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளி நிர்வாகத்திடமும் வர்த்தக சங்கத்திடமும் ஒரு கோரிக்கை. பள்ளியின் வக்பு கடைகளில் இருந்து தொடங்குங்கள். வயரிங் சோதித்த கடதாசி இல்லாமல் புது வாடகை ஒப்பந்தம் எழுதுவதில்லை என்று தீர்மானியுங்கள். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அதன் பிறகு சாட்டு இராது.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்காரரிடம் நாங்கள் நேரில் போய்ப் பேசினோம். மரியாதையாக இருத்தி, தேத்தண்ணி தந்து, "பெருநாள் முடியட்டும் சேர், பார்ப்பம்" என்றார். இந்தப் பதிவை அவர் வாசிப்பார். காக்கா, பெருநாளுக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. பிள்ளை ஒவ்வொரு நாளும் குளிக்கும். எங்கள் வீட்டுக்கு வேலை செய்த ஆள் இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு வரலாம் என்கிறார். ட்ரிப் சுவிட்சுக்கான காசை நாங்கள் இப்போதைக்குப் போடுகிறோம், வாடகையில் கழித்துத் தாருங்கள். நீங்கள் "சரி" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.