மாட்டுக்குக் கேட்ட மருந்து மனுஷனுக்குக் கேட்காதா?

கேள்வி: "எங்கள் கறவை மாட்டுக்கு மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துத் தடவினோம். ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. இப்போது என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லி போதும் என்கிறார் மாமியார். மகன் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறான். மாட்டுக்குக் கேட்ட நாட்டு மருந்து மனுஷனுக்குக் கேட்காதா?"
- கோவில்பட்டி வட்டத்தைச் சேர்ந்த வாசகி

பதில்: மகன் சொல்வதே சரி. இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் என்பதால், ரத்தப் பரிசோதனைக்கு உடனே போகும்படி வாசகிக்குத் தொலைபேசியிலேயே சொல்லப்பட்டுவிட்டது. காரணம் மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்.

நாட்டு மருந்து வேலை செய்யுமா என்று கரிசல்காட்டுக்காரர்களுக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரியில் விதைக்கும் நிலாவாரையே அதற்குச் சாட்சி. 'திருநெல்வேலி சென்னா' என்ற பெயரில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய இலை அது. (சில ஊர்களில் இதையும் அவுரி என்கிறார்கள். சாயம் எடுக்கும் அவுரி வேறு செடி. மருந்துக்கு வாங்கும்போது பெயரை மட்டும் நம்பக் கூடாது.) இலையில் 2 முதல் 3 சதவீதம் சென்னோசைடு என்ற பொருள் இருக்கிறது. அது பெருங்குடல்வரை அப்படியே போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றம் அடைந்து, குடலை அசைய வைக்கிறது. இரவு சாப்பிட்டால் காலையில் வயிறு போவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. ஆங்கில மருந்துக்கடையில் விற்கும் மலச்சிக்கல் மாத்திரைகள் சிலவற்றில் இருப்பதும் இந்தச் சத்துதான். என்ன பொருள், எவ்வளவு, எந்த நோய்க்கு என்று அளந்து பார்த்த பிறகு அதை நாட்டு மருந்து, ஆங்கில மருந்து என்று பிரிப்பதில் அர்த்தம் இல்லை. அதே இலையை மாதக்கணக்கில் தின்றால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து கை கால் தளர்ந்துவிடும் என்பதும் அளந்து பார்த்துத் தெரிந்ததுதான். பக்கவிளைவே இல்லாத மூலிகை என்று விற்பவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கீழாநெல்லியையும் இப்படி அளந்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் சென்னையில். எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமப்பவர்களில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடியையும் இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொடியையும் 30 நாள் கொடுத்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் ஆய்வுக் குழுவில் ஒருவர். ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு காட்டில் நன்றாக விளைந்த ரகம் அடுத்த காட்டிலும் விளைந்தால்தானே எல்லோருக்கும் சிபாரிசு செய்ய முடியும்?

அப்படியானால் கீழாநெல்லி குடித்து ஊரில் இத்தனை பேர் குணமானது எப்படி? காமாலை என்பது ஒரே நோய் அல்ல, பல நோய்களின் அடையாளம். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். பாம்புக்கடி வேரின் கதையும் இதுதான். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்தால் எந்த வேரும் பலிக்கும். கட்டுவிரியனாக இருந்தால் பலிக்காது, நேரமும் போய்விடும்.

பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அப்போது மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிக்கும். அடைப்பை எடுத்தால்தான் தீரும். வயலில் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் இறங்கி வேலை செய்தவருக்கு எலிக்காய்ச்சலாலும் காமாலை வரலாம். அதற்கு ஆன்டிபயாடிக் இருக்கிறது, தாமதித்தால் சிறுநீரகம் கெடும். குடியால் ஈரல் கெட்டு வருவது இன்னொரு வகை. இவற்றில் எது என்று கண்ணைப் பார்த்து வைத்தியரும் சொல்ல முடியாது, மாமியாரும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளி உளறினாலோ, தூங்கி விழுந்தாலோ, வயிறு உப்பினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும். கையில் சூடு போடுவதை அடியோடு விட்டுவிட வேண்டும். பத்தியம் என்று பட்டினி போடுவதும் வேண்டாம், சாராயம் மட்டும் ஆகவே ஆகாது. சோதனை முடிந்து காரணம் தெரிந்த பிறகு, மாமியாரின் மனதுக்காகச் சித்த மருந்தும் வேண்டுமென்றால், அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் பரிசோதனைச் சீட்டைக் காட்டிக் கேட்கலாம். அங்கே இருப்பவர்கள் பாளையங்கோட்டை போன்ற சித்த மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்கள். என்ன சாப்பிடுகிறார் என்பதை இரண்டு மருத்துவர்களிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாட்டு விஷயத்துக்கு வந்தால், வாசகி செய்தது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் முறைதான்: கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கெட்ட பாலை முழுவதும் கறந்து வெளியேற்றி, மடியைக் கழுவி, ஒரு நாளில் பல முறை தடவ வேண்டும். அடிக்கடி கறந்து விட்டதற்கும் குணத்தில் பங்கு உண்டு, பலர் அதை மறந்துவிட்டுத் தடவுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். மடி கல் போல இறுகினாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ, மாடு காய்ச்சலில் தீவனம் எடுக்காவிட்டாலோ 1962க்கு அழைக்கவும். அதுவரை அந்தக் காம்பின் பாலைக் கன்றுக்கும் விட வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம்.