ஒன்பதாம் வகுப்புச் சீருடைக்கு யார் பொறுப்பு?

மாண்புமிகு பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் புதிதாக ஒரு செலவு வந்து நிற்கும். அதுவரை அரசு தைத்துக் கொடுத்த நான்கு செட் சீருடை ஒன்பதாம் வகுப்பில் கிடையாது. துணி எடுக்க வேண்டும், தையல் கூலி கொடுக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் ஒன்றிலிருந்து ஐந்து வரை என்றே வகுக்கப்பட்டது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. பதினொன்றில் சைக்கிள் தருகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனாலும் பிள்ளை வளர வளரப் பசியும் செலவும் ஏறுகின்றன, கொடுக்கிற கை அதற்கு எதிர்த்திசையில் சுருங்கிக்கொண்டே போகிறது.

திட்டங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, விடியுமுன் நடவுக்கும் கட்டட வேலைக்கும் கிளம்பும் தாய்மார்களின் பெரிய கவலை ஒன்று தீர்ந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. நம் திட்டங்கள் எல்லாம் பிள்ளையைப் பார்க்கின்றன. அந்தப் பிள்ளையின் வீடு திடீரென்று சரிந்தால் அதைப் பார்க்க ஆளில்லை.

சாரத்திலிருந்து விழுந்து அப்பா இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவாய் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தால் மாணவர் பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். கணவனைப் புதைத்த பெண் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டும். அதுவும் விபத்துக்கு மட்டும்தான். கல்லீரல் கெட்டு ஆறு மாதம் படுக்கையில் கிடந்து செத்தவரின் மகளுக்கு அதில் இடமில்லை. இந்த இடைவெளியில் அந்த வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வருகிறது? பல பள்ளிகளில் வகுப்பாசிரியரின் கைப்பையிலிருந்து. இதை எந்தப் பதிவேட்டிலும் நீங்கள் பார்க்க முடியாது.

மழை மாதத்தில் கூலி இல்லாத வீடு, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று மூத்த பெண்ணைச் சமையலுக்கு நிறுத்திக்கொண்ட வீடு, முன்பணம் வாங்கிவிட்டதால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிற வீடு, இவையும் இதே கணக்குத்தான். சில சமயம் வெறும் இரண்டாயிரம் ரூபாயும் நேரத்துக்கு வந்து கேட்கும் ஓர் ஆளும் இருந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்காது.

அந்தப் பணத்தை ஊர் கொடுக்காது என்று சொல்லாதீர்கள். காமராசர் காலத்து மதிய உணவே ஊராரின் கொடையில்தான் முளைத்தது, பிறகுதான் அரசு மானியம் சேர்ந்தது. நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் பலகையும் நிலமும் சீருடையும் ஊர்மக்களே கொண்டுவந்து குவித்தார்கள். 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ தொடங்கியதும் அந்த நினைவில்தான் என்று நம்புகிறேன்.

சிக்கல் கொடுப்பதில் இல்லை, எதற்குக் கொடுப்பது என்பதில் இருக்கிறது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கவும் ஸ்மார்ட் போர்டு மாட்டவும் பணம் வரும், ஏனென்றால் அதில் ‘உபயம்’ என்று பெயர் எழுதலாம். ஒரு வீட்டின் இரண்டு மாத வாடகைக்கு யார் பெயரை எங்கே எழுதுவது? மீறிக் கொடுப்பவர்களும் ஃபிளெக்ஸ் கட்டி, பிள்ளையை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு அந்தப் படம் வகுப்பில் என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த உதவியே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் திமிர் என்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர் உதவிக்குச் சாதி உண்டு. ஊர்த் தெருவில் ஒரு வீடு விழுந்தால் ஓடிவரும் கைகள் காலனிக்கு அதே வேகத்தில் வருவதில்லை. அதனால்தான் இதை ஊர்ப் பெரியவர்களின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் உண்டு. எந்த வீட்டில் நேற்று அடுப்பு எரியவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்குத் தெரியும். நாம் அவர்களிடம் கேட்பதெல்லாம் தீர்மான நோட்டில் கையெழுத்து மட்டும்தான்.

ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுவும் ஓர் அவசர உதவித் தொகை வைத்துக்கொள்ள ஆணையிடுங்கள். இப்போது வரும் பள்ளி மானியம் பராமரிப்புக்கும் சாக்பீஸுக்கும் துடைப்பத்துக்குமானது, அதிலிருந்து ஒரு குடும்பத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்தாலும் தலைமையாசிரியர் தணிக்கையில் மாட்டுவார். ஆகவே தனித் தலைப்பு வேண்டும். அரசு கொஞ்சம் போடட்டும், முன்னாள் மாணவர்களும் ஊராரும் கொஞ்சம் போடட்டும். தலைமையாசிரியரோடு பெற்றோர் இருவர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், கையெழுத்திட்டால் ஒரு வாரத்துக்குள் பணம் போக வேண்டும். கணக்கை ஊரறியக் காட்டுங்கள், குடும்பத்தின் பெயரைக் காட்டாதீர்கள். முறைகேடு நடக்கலாம் என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். சொல்லட்டும். தொகை சிறியது, பார்க்கும் கண்கள் அதிகம். கட்டட ஒப்பந்தங்களில் இல்லாத அச்சம் இதில் மட்டும் எதற்கு?

உதவி வாங்கும் பிள்ளையைப் படமெடுக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் அனுப்புங்கள். அதற்கு நிதித் துறையின் ஒப்புதல் தேவையில்லை, நாளைக்கே அனுப்பலாம்.

சீருடையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், சத்துணவைப் பதினொன்று, பன்னிரண்டுக்கும் நீட்டுவது பட்ஜெட் விஷயம், காலம் பிடிக்கும் என்று தெரியும். அவசரத் தொகைக்கான ஆணையையாவது அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண்ணின் தாய்