வியர்வை உலர வேண்டும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

"இன்று சென்னையில் 36 டிகிரி" என்று செய்தியில் கேட்டதும், "வேலூரில் 42 ஆயிற்றே, நாம் தப்பினோம்" என்று மகிழ்கிறவர்கள் நம்மில் பலர். அந்த மகிழ்ச்சிக்குப் பொருளில்லை என்பது என் கருத்து. வெப்பமானி காற்றைத்தான் அளக்கிறது. அந்தக் காற்றில் நின்று உழைப்பவன் உடல் படும் பாட்டை அது சொல்வதில்லை.

வடபழனி முருகன் கோயில் குளக்கரையில் நண்பகலில் சற்று நின்று பாருங்கள். மதில்மேல் அமர்ந்த காகம் அலகைத் திறந்தபடியே இருக்கும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. தெருநாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதும் இதற்காகவே. வியர்வை போதாத எருமை குட்டையைத் தேடிப் போய்ப் படுக்கிறது. பாலைவனத்து ஒட்டகத்தின் தந்திரம் வேறு. தண்ணீர் கிடைக்காத நாளில் அது தன் உடல் வெப்பத்தைக் காலையில் 34 டிகிரியிலிருந்து மாலையில் 40 வரை ஏறவிட்டு, வியர்வையை மிச்சப்படுத்துகிறது. குளிர் இரத்தப் பிராணியான ஓணானுக்கோ வேலை எளிது: சுட்டால் நிழலுக்குப் போய்விடும். அதற்கு எந்த மேலாளரின் அனுமதியும் தேவையில்லை!

மனிதனால் ஒட்டகத்தைப் போல் இருக்க முடியாது. நம் உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். 40ஐத் தாண்டினால் மூளை தடுமாறும், உயிருக்கே ஆபத்து. சும்மா உட்கார்ந்திருக்கும் உடலே ஏறத்தாழ ஒரு நூறு வாட் பல்பு அளவு வெப்பத்தை உண்டாக்குகிறது. மூட்டை தூக்கும்போது அது பல மடங்காகும். இந்த வெப்பம் ஏறுவதை மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் உணர்ந்ததும், தோலுக்கு இரத்தம் பாய்கிறது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் திறக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை உலரும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உலரும்போது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் உடலுக்குப் பயன் ஏதுமில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

1774இல் இங்கிலாந்தின் சார்லஸ் பிளாக்டன் என்னும் மருத்துவர் நூறு டிகிரிக்கும் மேல் சூடேற்றிய அறைக்குள் சில நிமிடங்கள் நின்றுவிட்டு நலமாக வெளியே வந்தார். அத்தகைய அறையில் வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்துவிட்டன, அவர் வேகவில்லை. காரணம், அறையின் காற்று வறண்டிருந்தது. வியர்வை உடனே உலர்ந்தது. 1905இல் ஹால்டேன் என்னும் அறிஞர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். காற்றசைவில்லாத இடத்தில், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 31 டிகிரியைத் தாண்டினால் மனித உடல் சூடேறத் தொடங்கிவிடும் என்றார். இதற்குத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர்.

இனி நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். வேலூரில் 42 டிகிரி வெயிலும் 20 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் 24 டிகிரியைத்தான் காட்டும். சென்னையில் 35 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அது 30ஐக் காட்டும்! வேலூர் வெயில் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே குடத்துத் தண்ணீரும் ஒரு மரநிழலும் இருந்தால் வியர்வை தன் வேலையைச் செய்யும். இங்கே தண்ணீர் குடித்தாலும் அது முதுகில் வழிந்தோடுகிறது.

வடபழனி கடற்கரையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. மெரினாவில் வீசும் கடற்காற்று ஆற்காடு சாலையின் கட்டடங்களுக்கு இடையில் வந்து சேர்வதற்குள் களைத்துவிடுகிறது. ஒரு காலத்தில் விஜயா-வாகினி ஸ்டூடியோ இருந்த பகுதியில் இன்று குளிர்பதனப் பேரங்காடி நிற்கிறது. உள்ளே இருப்பவருக்குச் சுகம். குளிர்பதன எந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. எந்த அங்காடியானாலும், அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்பவர் வாயிலில் நிற்கும் காவலாளியும், பூக்காரம்மாவும், பொட்டலத்தோடு விரையும் இளைஞரும்தான். அந்த இளைஞருள் நம் வகுப்புத் தோழர்களும் உண்டு.

கடைகளில் வேலை செய்யும் பெண்கள் நிலை இன்னும் கடினம். கழிப்பறை இல்லாத காரணத்தால் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். கடை ஊழியர் அமர்வதற்கு உரிமை தந்த சட்டத்திருத்தம் 2021இல் வந்தது, நல்ல சட்டம். ஆனால் அமர்ந்தவருக்கும் வியர்க்கிறதே! இதே ஆற்காடு சாலையில் மேற்கே போனால் வரும் போரூர் இராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியாயிற்று. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடையே கருச்சிதைவு 5 விழுக்காடு, மற்றவர்களிடையே 2. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிதியும் உண்டு. பாராட்ட வேண்டிய செயல். 2025இல் மாநகராட்சி அண்ணா நகரில் உணவு விநியோக ஊழியருக்குக் குளிர்பதன ஓய்விடம் திறந்ததும் நல்லதே. என் குறை வரையறையைப் பற்றியது. கடலோர நகரில் வெப்பம் 37ஐத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி மிகுந்தால்தான் அது வெப்ப அலை. மே மாதத்தில் சென்னையின் இயல்பே 37ஐ ஒட்டியிருப்பதால், 41ஐயும் தாண்ட வேண்டும். நான் சொன்ன அந்த 35 டிகிரிப் புழுக்க நாள் இந்தக் கணக்கில் சாதாரண நாள்! ஈரப்பதத்தையும் சேர்த்த வெப்பக் குறியீட்டை வானிலைத் துறை 2023இல் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. சோதனையோடு நில்லாமல் அறிவிப்புக்கும் அதுவே அடிப்படையாக வேண்டும். அந்த நாட்களில் நண்பகல் ஓய்வும், குடிநீரும், கழிப்பறையும் முதலாளியின் இரக்கத்தைப் பொறுத்தவையாக இருக்கக் கூடாது.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இரண்டு வெப்பமானிகள், ஒரு துண்டு மஸ்லின் துணி, ஒரு கிண்ணம் தண்ணீர்: இவை எல்லாம் நம் இயற்பியல் ஆய்வகத்திலேயே உள்ளன. மார்ச் முதல் ஜூன் வரை நாள்தோறும் பகல் 2 மணிக்கு ஈரக்குமிழ் அளவைக் கல்லூரி வாயில் கரும்பலகையில் எழுதலாம். 28ஐத் தாண்டும் நாளில் என்.சி.சி. அணிவகுப்பும் திடல் விளையாட்டும் மாலைக்குத் தள்ளிப்போகட்டும். எழுதும் பொறுப்பை விலங்கியல் மாணவர்கள் ஏற்கிறோம். வெப்பமானியை இயற்பியல் துறையார் தந்தால் போதும்.