விற்றது போக வீட்டுக்கு என்ன?

பூச்சி, உரம், பயிர்க் காப்பீடு என்று வரும் கடிதங்களுக்கு நடுவே, இந்த முறை அடுப்படிக் கேள்விகள் அதிகம் வந்திருக்கின்றன. எதைச் சாப்பிடுவது, எதை விடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டிமன்றம் நடக்கிறது போலிருக்கிறது. விளைவிப்பவர் வீட்டுத் தட்டும் வேளாண்மையில் சேர்ந்ததுதான். அதனால் இந்த இதழின் பக்கத்தை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதம் வயல்காட்டிலிருந்து வரவில்லை, சென்னைக் கடற்கரையிலிருந்து வந்திருக்கிறது.

கேள்வி: "மாடியில் நாலு பையில் கீரை போட்டிருப்பதால் உங்கள் இதழை வாங்கிப் படிக்கிறேன். வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறார். நான் மீன் அங்காடியில் விற்கிறேன். காலேஜ் படிக்கும் மகள், சோறே விஷம், சிறுதானியம்தான் சாப்பிட வேண்டும் என்கிறாள். சர்க்கரை உள்ள மாமியாரிடம் யாரோ சோற்றை அடியோடு விட்டுச் சப்பாத்திக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரோ, சோறு இல்லாமல் வலை இழுக்க முடியுமா என்கிறார். மூன்று பேருக்கு மூன்று உலை வைக்க என்னால் ஆகாது. யார் சொல்வது சரி?" (ஒரு வாசகி, நொச்சிக்குப்பம், சென்னை)

பதில்: சகோதரி, மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் சரி இருக்கிறது. மூன்று உலை வேண்டாம். ஒரே உலை போதும், தட்டைத்தான் மூன்று விதமாகப் போட வேண்டும்.

முதலில் மகள் சொல்வதைப் பார்ப்போம். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சேர்ந்து, நாடு முழுவதும் 1.2 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2025-ல் ஒரு முடிவை வெளியிட்டன. நம் நாட்டவர் சாப்பாட்டில் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அது அதிகமாக உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம். இதுவரை மகள் பக்கம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் அந்த ஆபத்து குறையவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர், முட்டை, மீன் போன்ற புரதத்தை வைத்தால்தான் குறைகிறது. ஆக, ஒரு தட்டுச் சோற்றுக்குப் பதில் ஒரு தட்டு வரகுச் சோறு என்பது பெயர் மாற்றம்தான்.

மாமியாருக்கும் இதே கணக்குதான். கோதுமையிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். ஐந்து சப்பாத்தியைக் கொஞ்சம் குருமாவில் தோய்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை குறையாது. சோற்றை ஒரு கிண்ணம் அளவுக்குக் கொண்டுவந்து, காயும் கீரையும் இரண்டு பங்காக்கி, மீனையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போகச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால், சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குறைப்பதே நல்லது.

வீட்டுக்காரருடைய கணக்கு வேறு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் 300 மில்லி, கடலை, எள் போன்றவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்திய எடை. விடியுமுன் கடலுக்குப் போய் வலை இழுப்பவருக்கு 2,000 கலோரி போதாது. அவருக்குச் சோறு கூடுதலாகவே இருக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும் மகளும் அதே அளவு சாப்பிட வேண்டியதில்லை. நாற்றங்காலுக்கும் கதிர் பிடிக்கும் வயலுக்கும் ஒரே அளவு உரமா போடுகிறோம்?

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கடிதத்தில் மூன்று பேருடைய சாப்பாடு இருக்கிறது. உங்களுடையது இல்லை. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?

நொச்சிக்குப்பம் லூப் சாலையில் நடந்திருக்கிறேன். 2023 ஏப்ரலில் சாலையோரக் கடைகளை அகற்றியதும், மீனவ மக்கள் போராடியதும், பிறகு 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புதிய அங்காடி திறந்ததும் செய்தித்தாள் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே வஞ்சிரமும் வவ்வாலும் இறாலும் காருக்குள் ஏறிப் போகின்றன. விற்பவர் வீட்டுக்கு எடுத்துப் போவது காரப்பொடி, நெத்திலி, மத்தி. இதில் மனக்குறை வேண்டாம். சத்துக் கணக்கில் அவை கொஞ்சமும் தாழ்ந்தவை அல்ல. முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலியில் சுண்ணாம்புச்சத்து கிடைக்கிறது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் நிறைய. விலை சந்தை வைப்பது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தச் சிறு மீனும் யார் தட்டுக்குப் போகிறது என்பதில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மீன் விலை ஏறும். விலை ஏறிய நாளில் வீட்டுக்கென்று எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது. எடுத்து வைத்தாலும் கணவருக்கு, பிள்ளைக்கு, மாமியாருக்கு என்று போய், கடைசியில் அம்மாவுக்குக் குழம்பும் சோறும் மிஞ்சும். அங்காடியில் பசித்தால் டீயும் பன்னும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்குச் சற்று மேல் புரதம் வேண்டும். நாள் முழுக்க 300 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டால் அதில் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு 100 கிராம் மீன் போதும். அதில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. மீன் விற்பவருக்கே அந்த 100 கிராம் கிடைக்கவில்லை என்றால் என்ன நியாயம்?

இது குப்பத்துக் கதை மட்டுமல்ல. சொசைட்டிக்கு எட்டு லிட்டர் பால் ஊற்றிவிட்டு, வீட்டில் கடுங்காப்பி குடிக்கிற குடும்பங்கள் நம் ஊர்களில் இல்லையா? நாட்டுக்கோழி முட்டையை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் பிள்ளைக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்குவதில்லையா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நெல்லும் பாலும் முட்டையும் மீனும் இவ்வளவு விளையும் மாநிலத்தில் இந்த நிலை.

ஆகவே சகோதரி, கூடையை இறக்கியதும் விற்பனை தொடங்கும் முன்பே வீட்டுப் பங்கை எடுத்துத் தனியே ஐஸில் வைத்துவிடுங்கள். அதில் உங்கள் துண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள். வாரத்தில் பெரும்பாலான நாள் குழம்பாக வையுங்கள். பொரிப்பது ஒருநாள் போதும், பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம். கருவாட்டில் உப்பு மிகுதி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை எப்போதாவது மட்டும் சேர்க்கட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் ஏதாவது ஒன்று உணவோடு இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

மாடிக் கீரைக்கு: கடல் காற்றில் உப்பு வந்து இலை கருகும். கைப்பிடிச் சுவரின் மறைவில், காற்று நேராக அடிக்காத பக்கம் பைகளை வையுங்கள். உப்புத் தண்ணீரை விட்டு, அரிசி களைந்த நீரை ஊற்றுங்கள். தண்டுக்கீரை விதைத்தால் நாலு வாரத்தில் பறிக்கலாம். பத்து நாளுக்கு ஒரு பை என்று மாற்றி மாற்றி விதைத்தால் கீரை விட்டுப்போகாது.

கேள்வி: "இரண்டு ஏக்கரில் கேழ்வரகும் சாமையும் போடுகிறேன். சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரையே வராது என்கிறார்களே, உண்மையா?" (ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்)

பதில்: வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கேழ்வரகின் பெருமைக்குப் பொய் துணை தேவையில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து. அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். 2023 முதல் உங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதற்குக் காரணம் இந்தச் சத்துதான். எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதையும் பாருங்கள். நைசாக அரைத்துக் காய்ச்சிய கஞ்சி சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். களி, அடை கொஞ்சம் மெதுவாக ஏற்றும். சாமையைப் பளபளவென்று தீட்டினால் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடும், பிறகு அதற்கும் வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மில்லில் கொடுக்கும்போது உமி மட்டும் நீங்கினால் போதும் என்று சொல்லி வாங்குங்கள். களிக்குக் கீரைக் கடைசலோ பருப்போ துணை இருக்கட்டும்.

கேள்வி: "ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று எடுத்து எறிந்துவிடுகிறோம். சரியா?" (ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: எறியாதீர்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, அரிசி வடிவில் அச்சிட்டு, 100 மணிக்கு 1 என்ற அளவில் சேர்க்கிறார்கள். நிறம் கொஞ்சம் மாறி இருக்கும், சில மிதக்கும். எடுத்து எறிந்தால் சேர்த்த சத்தைத்தான் எறிகிறீர்கள். அழுத்திப் பலமுறை களையாமல், அளவான தண்ணீர் வைத்து, வடிக்காமல் பொங்குவது நல்லது. வடித்தாலும் அந்தக் கஞ்சியைக் கொட்டாமல் குடித்துவிடுங்கள். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: "எங்கள் வீட்டில் புழுங்கலரிசிப் பழைய சோறுதான் காலை உணவு. இரவு ஊறினால் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடும் என்கிறார்களே?" (ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: தண்ணீரில் ஊறும் சோற்றில் இரும்பு புதிதாக முளைக்காது. புளிக்கும்போது, உள்ளே இருக்கும் சத்து உடம்பில் சேர்வது எளிதாகிறது. நல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. வெயிலில் இறங்கும் முன் நீரும் உப்பும் கிடைக்கின்றன. இந்தப் பெருமை போதாதா? துணைக்குச் சின்ன வெங்காயம் மட்டும் இல்லாமல், தயிரோ, சுண்டலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சேர்த்தால் அது முழு உணவாகிவிடும்.

புழுங்கலரிசி என்றீர்களே, அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1918-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், 'பெரிபெரி' நோயை ஆராயும் பிரிவை ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கினார். இயந்திரத்தில் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு, வைட்டமின் பி1 குறைந்து கால் மரத்து, இதயம் கெடும் நோய் அது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்ததன் பலன் அது. அந்தக் குன்னூர் அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வரவு செலவு நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். இன்று விற்றது, வீட்டுக்கு வைத்தது, அதில் வீட்டுப் பெண்கள் சாப்பிட்டது. ஒரு வாரம் எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தில் எத்தனை நாள் வெறுங்கோடு விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கோடுகளை நிரப்ப வெளியே எதுவும் வாங்க வேண்டியிருக்காது. பெரும்பாலும் முதல் கட்டத்தில் இருப்பதில் ஒரு பிடி போதும். எழுதிய கணக்கை எனக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழில் வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இடத்தில் முருங்கை, பப்பாளி, கீரை வைக்கும் முறையைப் பார்ப்போம்.