இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. மாடியிலோ வாசலிலோ நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

சென்ற வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கறிவேப்பிலைச் செடியைப் படம் எடுத்துப் போட்டு, "இலையெல்லாம் கடித்திருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் ஏழு பதில். ஏழிலும் மருந்தின் பெயர்தான் இருந்தது. அதில் ஒன்று மோனோகுரோட்டோபாஸ். காய்கறிகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டுவிட்டது. செடியின் சாற்றுக்குள்ளேயே ஊடுருவுகிற நஞ்சு அது. கழுவினாலும் போகாது. நாளைக்கு ரசத்தில் போடப் போகிற இலைக்கு அதைப் போய் ஒருவர் சிபாரிசு செய்கிறார். "என்ன பூச்சி அது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முப்பத்திரண்டு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தோட்டத்துக்கு ரசாயனப் பூச்சிமருந்து தேவையே இல்லை. தேவை இரண்டு பழக்கங்கள்: இலையைத் திருப்பிப் பார்ப்பது, பட்டம் பார்த்து விதைப்பது.

கறிவேப்பிலையைக் கடிப்பது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலத் தெரியும். வளர்ந்ததும் இலையோடு இலையாகப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். ஒரு செடியில் நாலைந்துதான் இருக்கும். கையால் எடுத்துப் போட ஐந்து நிமிடம் போதாதா?

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிறதே, அது வைரஸ். எந்த மருந்துக்கும் குணமாகாது. வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட்டு, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டு மற்றச் செடிகளைக் காப்பாற்றுங்கள். தக்காளியின் அடிப்பகுதி கறுத்துப்போவது பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் தொட்டி வழியத் தண்ணீர், இரண்டு நாள் சொட்டுக்கூட இல்லை என்றால் அப்படித்தான் ஆகும். பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறதா? மகரந்தம் சேரவில்லை. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வையுங்கள். தேனீ ஏன் வரவில்லை என்பதையும் யோசியுங்கள். பூக்கிற நேரத்தில் நஞ்சை அடித்தால் அது எப்படி வரும்?

மாவுப்பூச்சிக்கு மட்டும் ஒரு கதை சொல்ல வேண்டும். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் வெள்ளையாக அப்பிக்கொண்டது. விவசாயிகள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். அதன் மேலிருக்கிற மெழுகுப் படலத்தைத் தாண்டி மருந்து இறங்கவில்லை. அதைத் தின்னும் பொறிவண்டுகள்தான் செத்தன. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி கட்டுக்குள் வந்தது. பூச்சிக்குப் பகை பூச்சிதான் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்த சாட்சி இது.

உங்கள் செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தால் முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். எறும்பு ஏறாமல் தடுத்து, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம்.

"விவசாயி மருந்தடிக்காமல் பிழைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். அவர் கடன் வாங்கிப் பயிர் வைத்தவர்; அவர் கணக்கு வேறு. அவருக்கு நான் புத்தி சொல்லவில்லை. நமக்கு நாலு கத்தரிக்காய் குறைந்தால் அடுப்பு அணைந்துவிடாது. நஞ்சில்லாத காய் வேண்டும் என்றுதானே தொட்டியே வாங்கினோம்? அதேபோல, இயற்கை என்று சொன்னாலே சாது என்றும் நினைக்காதீர்கள். புகையிலைக் கரைசலில் இருக்கிற நிகோடின் நல்ல நஞ்சு.

இனி பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. சித்திரை வெயிலில் காலிஃபிளவர் போட்டுவிட்டுப் பூ வரவில்லை என்று விதைக்கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. சமவெளியில் அதற்குக் குளிர்காலம்தான் காலம். காலம் தவறி வைத்த செடி நோஞ்சானாக நிற்கும். நோஞ்சான் செடியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும்.

இப்போது புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி மழைக்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள். தொட்டியின் அடித் துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுங்கள். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தக்காளி, கத்தரிக்குக் குச்சி நட்டுக் கட்டுங்கள். மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளுங்கள். நாற்றுத் தட்டை மழை படாத வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள்; ஈரம் தேங்கினால் நாற்று அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். மழை நின்றதும் முருங்கை மரத்தை ஒரு பார்வை பாருங்கள். கம்பளிப்பூச்சிகள் அடிமரத்தில் கூட்டமாக இருக்கும்போதே ஒழிப்பது சுலபம்.

ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் ஏற்கெனவே மருந்து பாட்டில் இருந்தால் லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீட்டில் அதற்கு இடம் இல்லை.

உங்கள் செடியில் என்ன தொந்தரவு என்று கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.